செண்பகவல்லியின் பெயரில் ஓர் ஆட்டம்

"நல்லா ஆடுனா, ஆடுறது ஆம்பளையா பொம்பளையான்னு யாரு பாக்கப்போறா? எதுக்கு டீச்சர் இந்த வம்பு?"

இப்படிக் கேட்ட திருமேனிக்கு வயது நாற்பத்தெட்டு. கோவில்பட்டியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். டீச்சர் செண்பகவல்லிக்கு முப்பத்தொன்று. மூன்று வருடமாக அவரிடம்தான் திருமேனி செஸ் கற்றுவந்தார்.

வம்பு என்று அவர் சொன்னது ஒரு வீடியோவை. ஒரு போட்டியில் ஆண்களுக்கு ஏசி அரங்கு ஒதுக்கி, பெண்களை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். ஏன் என்று டீச்சர் தன் சேனலில் கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து கமெண்ட் கொட்டியது. சமத்துவம் பேசுகிறவளுக்கு ஏசி எதற்கு என்றார்கள். ஆம்பளைகளைக் கீழே தள்ளப் பார்க்கிறாள் என்றார்கள்.

திருமேனி அப்படி எழுதுகிற ஆள் இல்லை. திறமையைக் காட்டுங்கள், மரியாதை தானாக வரும் என்று தன்மையாகத்தான் எழுதியிருந்தார். அதற்கு அறுநூறு லைக். போனை நீட்டி டீச்சரிடமே காட்டினார்.

டீச்சர் படித்தார். கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொன்னார்.

ஞாயிறு அன்று டீச்சர் கேமராவை அணைத்துவைத்திருந்தார். திரையில் செஸ் பலகையும் அவர் பெயரும் மட்டும். ஆன்லைனில் எதிர்த்து ஆடப்போகிறவர் மாநில அளவில் ஆடிய மதுரைக்காரர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் பேருல நீங்க ஆடுங்க, அண்ணாச்சி."

திருமேனி உட்கார்ந்தார்.

நேரலை தொடங்கியது. ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள்.

பத்தாவது நகர்த்தலில் மதுரைக்காரர் அவரை நெருக்கினார். பதினைந்தில் திணறடித்தார். இருபதில் திருமேனிக்கு ஒரு வழி தெரிந்தது. ஒரு யானையை வெட்டுக் கொடுத்தார்.

தவறு செய்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். மதுரைக்காரர் யானையை வெட்டினார். திருமேனியின் குதிரை பாய்ந்தது. இன்னும் மூன்றே நகர்த்தல். செக்மேட்.

வாழ்நாளில் அவர் அப்படி ஆடியதில்லை. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கமெண்டைப் பார்த்தார்.

பக்கத்தில் எந்த ஆம்பளை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறான் என்று ஒருவன் கேட்டிருந்தான்.

யானையைக் கைதவறி விட்டவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்றான் இன்னொருவன்.

பொம்பளை என்று மதுரைக்காரர் விட்டுக்கொடுத்தார் என்றான் மூன்றாமவன். சமையல் ஆச்சா என்று கேட்டு அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

திருமேனி விடவில்லை. யானையை ஏன் கொடுத்தேன் என்று டீச்சர் பெயரிலேயே ஒவ்வொரு நகர்த்தலாக விளக்கி எழுதினார். சொல்லிக்கொடுத்தவனே எழுதியும் கொடுக்கிறான்போல என்று பதில் வந்தது. பொறுமையாக மறுபடியும் எழுதினார். அழுகிறாள் பார் என்றார்கள்.

அவர் காது சிவந்துவிட்டது. டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தடுக்கவில்லை.

திருமேனி விசைப்பலகையில் குத்தினார்.

"டேய், நான் ஆம்பளைடா. என் பேரு திருமேனி. ஆடுனது நான்தான்."

திரை ஒரு நொடி அசையாமல் நின்றது.

பிறகு இதயங்கள் பறந்துவந்தன. அண்ணே, அந்த யானை வெட்டு இருக்கே, சத்தியமா பார்த்ததே இல்லை என்றார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். மேட் ஆக்கிய நகர்த்தல்களை வரிவரியாகப் புகழ்ந்தார்கள்.

அதிர்ஷ்டம் என்றவனும் வந்தான்.

"அதான பாத்தேன். ஒரு பொம்பளைக்கு இப்படி ஆட வருமா?"

அதற்கு அறுநூறுக்கு மேல் லைக் விழுந்தது. இன்னும் ஏறிக்கொண்டே போனது.

திருமேனி பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை பேர் இத்தனை வருடத்தில் அவரைப் புகழ்ந்ததில்லை. ஒரு வார்த்தைகூட உள்ளே இறங்கவில்லை.

மதுரைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. டீச்சர் குனிந்து படித்தார்.

"இன்னொரு ஆட்டம் கேக்குறாரு. ஆடுறீங்களா, அண்ணாச்சி?"

திருமேனி திரையில் இருந்த டீச்சரின் பெயரைப் பார்த்தார்.

"யாரு பேருல, டீச்சர்?"