தயிர் தனியாகக் கிடையாது

பாளையங்கோட்டையில் செல்போன் கேம் விற்கும் கம்பெனி வைத்திருந்தார் கோதண்டம். அவர் தினமும் சாப்பிடும் எதிர் மெஸ்ஸில் பரிமாறுகிற மாசானம் ஒருநாள் கேட்டேவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க அஞ்சு கேம் செட்டுல மூணை, முன்னாடி தனித்தனியா வித்தப்பவே வாங்கிட்டேன். மிச்ச ரெண்டை இப்ப தனியாத் தரமாட்டீங்களாமே?"

"செட்டுன்னா செட்டுதான். முழு விலையைக் குடு. அது அநியாயம்னு எனக்குப் புரியவை பாப்போம், அப்ப குறைக்கேன்."

மாசானம் சாம்பார் ஊற்றினான், பிறகு ரசம் ஊற்றினான். கோதண்டம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தயிர் கொண்டுவாடே" என்றார்.

மாசானம் பக்கத்தில் புது இலை விரித்து, ஊறுகாயிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

"என்னடே இது? தயிர்தானே கேட்டேன்!"

"தயிர் தனியாக் கிடையாது அண்ணாச்சி. முழுச் சாப்பாட்டோடதான் வரும். காசும் முழுசா."

"சாம்பாரும் ரசமும் இப்பத்தானே வயித்துக்குள்ள போச்சு! அதுக்கு இன்னொரு தடவை காசா?"

"என் போனுக்குள்ளயும் மூணு கேம் இருக்கு அண்ணாச்சி."

மெஸ்ஸே சிரித்தது. வலது கை காய்ந்துகொண்டிருக்க, கோதண்டம் இடது கையால் தன் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார்.

"ஏற்கெனவே வாங்கினதைக் கழிச்சிட்டு மிச்சத்துக்கு மட்டும் விலை போடு!"

எதிர்முனையில் 'சரி' என்ற குரல் கேட்டபிறகுதான் மாசானம் தயிர்க் கரண்டியைச் சாய்த்தான்.