கூரையிலிருந்து இறங்காதவர்கள்

“என் தங்கச்சிக்காக ஒரு துஆ ஓதி வேண்டிக்கணும், லெபாய். நாளைக்கு மத்தியானம் அவ ஊரை விட்டுப் போறா.”

கேட்டவர் துங்கு ஜொஹாரி. லாயாங் ஆற்று நாட்டின் மூத்த இளவரசர். சுல்தான் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நாட்டை ஆள்பவர் அவர்தான். வயது ஐம்பத்திரண்டு.

லெபாய் சுலோங் ஆற்றங்கரைத் தொழுகைக் கூடத்தில் மார்க்கப் பாடம் சொல்பவர். வயது முப்பத்தாறு. தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்பதில் துங்குவுக்கு வெட்கமே கிடையாது. தங்கையிடம் தோற்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“எங்க போறாங்க?”

“மேலாற்றுக்கு. சித்தப்பா அரண்மனைக்கு. நான்தான் அனுப்புறேன்.”

“எப்ப திரும்புவாங்க?”

துங்கு ஆற்றைப் பார்த்தார்.

“நான் கூப்பிடுற வரைக்கும் வர முடியாது.”

“அப்படி என்ன தப்பு செஞ்சாங்க?”

அவ்வளவுதான். மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

“தப்பா? ஒரு தப்பும் செய்யலையே, அதுதானே என் வயித்தெரிச்சல்! வெள்ளம் வந்து இன்னிக்கு ஒன்பது நாள். படகு நான் கொடுத்தது, அரிசி நான் கொடுத்தது, போர்வை நான் கொடுத்தது. ஆனா சந்தைக்குப் போய் யாரை வேணா கேளுங்க. துங்கு ரொஹாயா, துங்கு ரொஹாயா! வேற பேச்சே இல்ல. பிறந்த பிள்ளைங்களுக்கெல்லாம் அவ பேரை வைக்கிறாங்க, லெபாய். என் பேரை ஒரு பூனைக்காவது வைப்பாங்களா?”

சிரிக்காதீர்கள். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

“நீங்களும் வெள்ளத்துல போறீங்கதானே, துவாங்கு?” அரச குடும்பத்தாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

“தினமும் போறேன். மஞ்சள் குடை, முரசு, எல்லாம் முறைப்படி. என் படகு ஊருக்குள்ள நுழைஞ்சா ஒருத்தன் கூரை மேல இருக்க மாட்டான். அரச குடும்பத்தை விட உசரத்துல குடிஜனம் இருக்கக் கூடாதே! எல்லாரும் இறங்கி, நெஞ்சளவு தண்ணியில நின்னு, கையைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடுவாங்க. கிழவனும் இறங்குவான், மாசமா இருக்கிறவளும் இறங்குவா. அவ்வளவு மரியாதை!”

“உங்க தங்கச்சி போனா?”

“அந்தக் கூத்தை ஏன் கேக்குறீங்க! குடையை மடக்கிப் படகுக்குள்ள போட்டுடுவா. ஜனங்க கூரை மேலயே காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ‘அரிசி இந்தப் பக்கம், அரிசி இந்தப் பக்கம்’னு கத்துவாங்க. பால் கொண்டுவர நேரமாச்சுன்னு நேத்து ஒருத்தி அவளைத் திட்டியே இருக்கா. இவ சிரிச்சாளாம்! முறை தெரியாத ஜனம். அந்த ஜனம்தான் அவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது. என்கிட்ட இல்லாதது அவகிட்ட அப்படி என்ன இருக்கு?”

“சொல்றேன்” என்று லெபாய் எழுந்தார்.

தொழுகைக் கூடத்தின் ஆற்றுப் படிகளில் இறங்கினார். மூன்றாவது படியிலேயே தண்ணீர். அவர் நிற்கவில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. அங்கே திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

“என்ன செய்றீங்க?”

“நீங்க படியில நிக்கிறீங்களே, துவாங்கு. கீழ நின்னுதானே நான் பேசணும்.”

உண்மையைச் சொன்னால், துங்குவுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. பதிலுக்காகக் காத்து நின்றார்.

மழை வலுத்தது.

“அவங்ககிட்ட…” லெபாய் தொடங்கினார். பல் தந்தியடித்தது. மிதந்து வந்த கிளை ஒன்று அவர் தோளில் இடித்தது. கும்பிட்ட கையால் அதைத் தள்ள முடியவில்லை. வாய்க்குள் தண்ணீர் போனது. இருமினார்.

“சீக்கிரம் சொல்லுங்க!”

“அவங்ககிட்ட…”

மறுபடி இருமல். உதடு நீலம் பாரித்துவிட்டது.

“ஐயோ, பதில் கிடக்கட்டும். மேல வாங்க!”

“எப்படி வர்றது, துவாங்கு? அரிசி கொடுத்து முடியணும். போர்வை கொடுத்து முடியணும். முரசு அடிச்சு உங்க படகு கண்ணுல இருந்து மறையணும். அதுக்கப்புறம்தானே நான் கூரை ஏறலாம்?”

 

“மாசமா இருந்தாளே, அந்தப் பொண்ணு…” என்றார் துங்கு. “அவ எவ்வளவு நேரம் நின்னா?”



துங்கு இடுப்பில் கட்டிய பட்டுச் சாரோங்கோடு தண்ணீருக்குள் இறங்கினார். லெபாயை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்து படியில் சேர்த்தார். காவலர்கள் ஓடி வந்தார்கள். யாரோ குடையை விரித்தார்கள்.

“அதை அந்தண்ட கொண்டு போ!” என்று கத்தினார்.

ஒரு சின்னப் படகை அவிழ்த்து, ஈர உடம்போடு தானே துடுப்புப் போட்டுப் போனார். அரண்மனைப் பக்கம் போகவில்லை. வெள்ளத்தில் கிடந்த அக்கரைக் கிராமத்துக்குப் போனார்.

அங்கே ஒரு வீட்டுக் கூரையிலிருந்து காய்ச்சல்காரக் கிழவி ஒருத்தியைக் கட்டிலோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு படகு. அது வெள்ளத்தில் இழுபட்டுப் போகாமல் இருக்க, அதில் கட்டிய கயிற்றை ஒரு தென்னையில் ஒற்றைச் சுற்றுப் போட்டு, எதிர்த்திண்ணைத் தூணில் காலை உதைத்து ஒருத்தி ஒண்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். துங்கு ரொஹாயா. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

கிழவியின் மருமகள்காரி கூரை மேலிருந்து அண்ணன் துங்குவைப் பார்த்தாள். நனைந்து போன யாரோ ஒரு ஆள்.

“யோவ்! வேடிக்கையா பாக்குற? படகோட அந்தப் பக்கக் கயித்தைப் பிடிய்யா!”

துங்கு பாய்ந்து பிடித்தார்.

“இறுக்கிப் பிடி! சோறு திங்கிற கைதானே?”

இறுக்கிப் பிடித்தார்.

பக்கத்துக் கூரையில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தான். “யா அல்லா! துவாங்கு!” என்று அலறினான். அவ்வளவுதான், நாலு கூரையிலும் ஆட்கள் எழுந்தார்கள். ஒரு கிழவர் ஓலையைப் பற்றிக்கொண்டு ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டார்.

“இறங்காதீங்க!” துங்குவின் குரல் உடைந்து போனது. “யாரும் இறங்காதீங்க! உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், அங்கேயே இருங்க!”

கிழவர் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

கட்டில் பத்திரமாகப் படகில் அமர்ந்தது. மருமகள்காரிக்கு இப்போது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பயத்தில் உளறினாள்.

“மன்னிக்கணும், துவாங்கு. துங்கு ரொஹாயா இதைவிட நல்லா இறுக்கிப் பிடிப்பாங்க, அந்த நெனப்புல கத்திட்டேன்.”

துங்குவுக்குச் சுருக்கென்றது. வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நேற்று எரிந்த அளவுக்கே எரிந்தது.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“அபாங்” என்றாள். அண்ணனை அவள் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள். “பெட்டி கட்டிட்டேன். நாளைக்கு எந்தப் படகுல கிளம்பணும்?”

அடுத்த கூரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“கிளம்புறதாவது!” துங்கு சிடுசிடுத்தார். “நீ போயிட்டா அந்தக் கயித்தை யாரு பிடிக்கிறது?”