துரைக்குப் பதிலா ஒரு பூசணிக்காய்

ஒரு ஊர்ல ஒரு சேவல் இருந்துச்சு. கொண்டையைப் பார்த்தா செம்பருத்திப் பூ, நடையைப் பார்த்தா கலெக்டர். அதனால அதுக்குப் பேரு துரை. துரையை வளர்த்தவ செல்லக்கனி. அவளுக்குப் புருஷன் இல்ல. ரூபின்னு ஒரே ஒரு சின்ன மக. ம் சொல்லு மக்கா.

ம்.

செல்லக்கனி கண்ணு முழிச்சதும் துரைகிட்டதான் பேசுவா. "துரை, முருங்கையில கம்பளிப்பூச்சி வந்துட்டு. துரை, எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல." துரை தலையைச் சாய்ச்சு, "கொக்... கொக்"னு கேட்டுக்கும்.

ஆண்டவர்கிட்ட மட்டும் அவ பேசினதே இல்ல. ஏன்னா, வேதக்கோயில்ல ஆராதனை நடத்துற உபதேசியார் வேதக்கண் ஜெபம் பண்ணும்போது, "சர்வ வல்லமையும் மகா மகத்துவமும் பொருந்திய"ன்னு நீட்டி முழக்குவார். ஆண்டவருக்கு அந்தப் பேச்சுதான் புரியும்னு அவ நெனச்சுட்டா. நம்ம பேச்சைக் கேட்டா சிரிச்சிருவாரோன்னு வெக்கம்.

அப்போ ஒரு நாள் ரூபிக்குக் காய்ச்சல். உடம்பு தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. உபதேசியாரோ வெளியூர் போயிருந்தார். செல்லக்கனி முழங்கால் போட்டு, "சர்வ... மகா சர்வ..."ன்னா. நாக்கு வழுக்கு வழுக்குன்னு வழுக்குது. கடைசியில, "புள்ளை பொழைச்சா துரையைத் தர்றேன்"னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுட்டா. காய்ச்சல் விட்டுச்சு. ரூபி கஞ்சி கேட்டா.

அப்புறம் அறுப்பின் பண்டிகை வந்துச்சு. அன்னைக்கு அவங்கவங்க வெளைஞ்சது, வளர்த்தது எல்லாத்தையும் கோயிலுக்குக் காணிக்கையாக் கொண்டு போவாங்க. செல்லக்கனிக்குத் துரையைக் கொடுக்க மனசு வரல. கொடுக்கலைன்னா ஆண்டவர் கோவிச்சுக்கிட்டு, காய்ச்சலைத் திருப்பி அனுப்பிட்டா?

என்ன பண்ணினா தெரியுமா? துரையைப் பஞ்சாரக் கூடைக்குள்ள கவுத்துட்டு, குண்டுப் பூசணிக்காய் ஒண்ணைத் தூக்கிட்டுப் போனா. பீடத்துக்கிட்ட வெச்சாளோ இல்லையோ, வாசல்ல "கொக்கரக்கோ"! பஞ்சாரத்தைத் தள்ளிட்டுத் துரை வந்து நிக்குது.

அப்புறம் வீட்டுக்கு ஓடி, துரையைக் கவுத்து, மேல அம்மிக்குழவியை வெச்சுட்டு, ஒரு முட்டைக் கோழியைக் கொண்டு போனா. கோழி "கெக்கெக்கே"ன்னுச்சு. பின்னாலயே "கொக்கரக்கோ"! ஊரே சிரிக்குது.

அப்புறம் மூணாவது, தன்னோட கல்யாணப் பட்டுச்சேலை. துரை படபடபடன்னு பறந்து வந்து சேலை மேலேயே ஏறி நின்னு, நெஞ்சை நிமித்தி ஒரு கூவு கூவுச்சு பாரு. "சொன்னது என்னையத்தானே"ன்னு கேக்குற மாதிரி. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ செல்லக்கனி துரையை அள்ளி எடுத்தா. பீடத்துக்கு முன்னால நின்னுட்டா. கைய விட முடியல. பின்னால வரிசையில எல்லாரும் நிக்காங்க. உபதேசியார், "சொல்லும்மா, நான் ஜெபிக்கிறேன்"னு தொண்டையைச் செருமினார். அதுக்குள்ள அவ வாயில இருந்து அவ பேச்சே வந்துட்டு.

"ஆண்டவரே, இவனும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்? கொடுக்கலைன்னா எம் புள்ளையை மறுபடி படுக்கப் போட்டுருவீரோ? நீர் எப்படிப்பட்டவருன்னே எனக்குத் தெரியலையே."

அப்போ பின்னால வாழைத்தாரோட நின்ன அவ அண்ணன் பொண்டாட்டி, மைனி ஏசுவடியாள் சொன்னா: "ஏட்டி, சொந்த மகனையே நமக்காகக் கொடுத்தவரு, உன் சேவலை வாங்கிக்கிட்டுத்தான் புள்ளையை விடுவாராக்கும்? இஷ்டம்னா குடு, இல்லைன்னா தூக்கிட்டுப் போ. சட்டுனு நகரு, தார் கனக்கு."

செல்லக்கனி திரும்பிப் பார்த்தா. "அப்போ இது எம் புள்ளைக்கு விலை இல்லையா மைனி?"

"விலையெல்லாம் அவரு கொடுத்து முடிச்சாச்சுட்டி."

அப்போ அவளுக்குப் பயம் மெல்ல எறங்கிப் போச்சு. துரையோட கொண்டையைத் தடவிக் கொடுத்தா. "ஆண்டவரே, பயந்துக்கிட்டுத் தரல. எங்கிட்ட இருக்கிறதுல இவன்தான் உசத்தி. அதனால தர்றேன்"னு சொல்லிக் கைய விட்டுட்டா. அழுகையும் வந்துச்சு, வராம இருக்குமா.

துரையைக் குழம்பு வெச்சாங்களா?

இல்ல மக்கா. காணிக்கையெல்லாம் ஏலம் விட்டப்போ உபதேசியார் சம்சாரம் எடுத்து வளர்த்தா. அவர் நீட்டி முழக்கும்போதெல்லாம் துரையும் சேர்ந்து கூவும். பாதி ஜெபத்தோட முடிச்சுக்குவார்.

அப்புறம், பண்டிகைக்கு மறுநாள் விடிஞ்சுது. செல்லக்கனி முற்றத்துக்கு வந்தா. பஞ்சாரம் காலி. "து..."ன்னு வாயெடுத்தவ நிறுத்திட்டா. பஞ்சாரத்துக்குப் பக்கத்துலேயே உக்காந்தா. அப்புறம் மெதுவா, "ஆண்டவரே, முருங்கையில அந்தக் கம்பளிப்பூச்சி இன்னும் போகல. எனக்கு ராத்திரி தூக்கமும் இல்ல"ன்னா. யாரும் சிரிக்கல. காத்து மட்டும் லேசா அடிச்சுது. அவ இன்னும் கொஞ்சம் பேசினா. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

ரூபி கண்ணைக் கசக்கிட்டு எட்டிப் பார்த்தா. "யார்கிட்டம்மா பேசுற?"

"அவர்கிட்டதான். இன்னும் பேசி முடியல. நீ போய்ப் பல்லை வெளக்கு."

அவ்வளவுதான். கதைக்கும் கொட்டாவி வந்துட்டு, நீயும் கண்ணை மூடு.

ம்...