அசனத்துக்கு வந்த ஆடுகள்

பனைவிளை சபையின் போதகர் எப்சிபா அம்மாளுக்கு வயது நாற்பது. அவரிடம் ஊழியம் கற்க வந்த சற்குணம் அவரைவிட மூத்தவர். பஸ் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். சபைக் கமிட்டி நற்சான்று கொடுத்தால்தான் அவருக்கு உபதேசியார் வேலை நிலைக்கும். ஆனாலும் ஊரார் இப்போதே அவரை உபதேசியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின நாள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அசனம், ஊருக்கெல்லாம் கறிச்சோறு. வீட்டுக்கு வீடு நேர்ந்துகொண்ட ஆடுகள் வந்து சேர்ந்திருந்தன. சாயங்கால ஆயத்தக் கூட்டத்தில் பேச வேண்டியவர் சற்குணம். போதகரம்மா நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு மத்தியானம்தான் ஊர் திரும்பினார். செருப்பைக் கழற்றுவதற்குள் சற்குணம் பிரசங்கத் தாளோடு வந்து நின்றார்.

“அம்மா, ஒரு சந்தேகம். நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறான்னு வருது. அதுல ஆடுன்னா நாமதானே? விசுவாசிகள்னு சொல்லிட்டு மேல போயிரலாமா?”

போதகரம்மா வெளியே காது கொடுத்துக் கேட்டார்.

“அது என்ன சத்தம்?”

“அசன ஆடும்மா. காலையில மினி லாரியில கொண்டாந்து இறக்கினாங்க.”

“காலையிலேயிருந்தா கத்துது?”

“ஆமா.”

“போய்ப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“என்ன செஞ்சீங்க?”

“பிரசங்கம் எழுதிட்டிருந்தேன்.”

“எதைப் பத்தி?”

சற்குணம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போதகரம்மா செருப்பைக் கழற்றாமலே திரும்பி நடந்தார்.

கோயிலுக்குப் பின்னால், வெறும் மணலில், வெயிலில் கிடந்தன ஆடுகள். முப்பதுக்கு மேல் இருக்கும். நான்கு கால்களையும் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டி ஒன்றின்மேல் ஒன்றாக எறிந்திருந்தார்கள். பத்தடி தள்ளிப் பெரிய பந்தல். அதன் நிழல் காலி நாற்காலிகள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போதகரம்மா கை நீட்டினார். “கத்தியைக் கொடுங்க.”

மணலில் முட்டி போட்டு ஒவ்வொரு கயிறாக அறுத்தார். சற்குணம் ஆடுகளைப் பிரித்துப் பிரித்து நிறுத்தினார். சில நின்றன. சில நின்ற வேகத்தில் விழுந்தன. அடியில் கிடந்த கறுப்பு ஆடு கயிற்றை அறுத்தபிறகும் காலை நீட்டவில்லை. அது எப்போதோ செத்திருந்தது.

சேதி கேட்டுச் சபைச் செயலாளர் வேதமுத்து வேகமாக வந்தார்.

“என்னம்மா இது? அவுத்து விட்டா ஓடிராதா?”

“இதை ஓடச் சொல்லுங்க அண்ணாச்சி.” போதகரம்மா கறுப்பு ஆட்டைக் காட்டினார்.

வேதமுத்து குனிந்து பார்த்தார். “யார் வீட்டு நேர்ச்சைன்னு தெரியலையே.”

“ஆண்டவருக்குன்னு நேர்ந்தது. அவர்கிட்ட நீங்களே சொல்லிருங்க.”

வேதமுத்துவின் முகம் கறுத்தது.

“தண்ணி எங்க?” என்று கேட்டார் போதகரம்மா.

“ஆட்டுக்கா? விடியக்காலம் வெட்டு. வயிறு காலியா கிடந்தாத்தான் குடல் கழுவ லேசா இருக்கும். எங்க அப்பா காலத்துல இருந்தே இப்படித்தான்.”

“நான் இரை கேக்கலை. தண்ணி கேக்கேன்.”

“தொட்டியில இருக்கிற லாரித் தண்ணி சமையலுக்கு. பாத்திரமும் சமையலுக்கு. ஆட்டு வாய் பட்டா அதுல எவன் சாப்பிடுவான்?”

“ஆட்டையே சாப்பிடப் போறான். அது வாய் பட்ட பாத்திரத்துல சாப்பிட மாட்டானா?”

வெங்காயம் உரித்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். வேதமுத்து திரும்பிப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

போதகர் வீட்டு அண்டா, வாளி எல்லாம் நேற்றே அசன வேலைக்குப் போயிருந்தன. ஒரு குடம் குடிதண்ணீர்தான் மிச்சம். போதகரம்மா கோயிலுக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் கையில் ஞானஸ்நானத்துக்கு வைத்திருக்கும் பித்தளைப் பாத்திரம் இருந்தது. மறுநாளுக்காகப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். வீட்டுக் குடத்தை எடுத்து அதில் சாய்த்தார். முதல் ஆடு முகத்தை முழுதாக உள்ளே விட்டது.

வேதமுத்து பாத்திரத்தை நோக்கி விரலை நீட்டினார்.

“நாளைக்கு என் பேத்திக்கு அதுலதான் ஞானஸ்நானம்.”

“தெரியும். நான்தானே கொடுக்கப் போறேன்.”

“நீங்க கொடுக்க மாட்டீங்க. பேராயருக்கு இப்பவே போன் போடுதேன். வேற போதகர் வந்து கொடுப்பாரு.”

“போடுங்க. செத்த ஆட்டையும் சேத்துச் சொல்லுங்க.”

ஐந்தாறு ஆடுகள் குடிப்பதற்குள் குடம் தீர்ந்தது. காலிப் பாத்திரத்தோடு நின்றார் போதகரம்மா. மற்ற ஆடுகள் அவர் சேலையை முட்டிக்கொண்டு நின்றன.

வேதமுத்து சற்குணத்தின் பக்கம் திரும்பினார்.

“உபதேசியாரே, அந்தப் பாத்திரத்தை வாங்கி நல்லா கழுவி உள்ள வைங்க. உங்க நற்சான்றுல கையெழுத்துப் போடுறது இவங்க இல்ல, நான்.”

சற்குணம் கையை நீட்டினார். போதகரம்மா கொடுத்துவிட்டார். சற்குணத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

பாத்திரத்தை வாங்கியபோது ஓரத்திலிருந்து சில சொட்டுகள் மணலில் சிந்தின. ஒரு கிடாய்க்குட்டி ஓடிவந்து அந்த ஈரமணலை நக்கியது. மணல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் நக்கியது.

சற்குணம் நடந்தார். கோயில் படி வந்தது. அதில் அவர் ஏறவில்லை. நேரே போய்ச் சமையல் தொட்டியின் குழாயைத் திறந்தார். பித்தளையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கின.

சிரித்த பெண் எழுந்தாள். வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒரு குத்துச்சட்டியை எடுத்துவந்து குழாயடியில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். வேதமுத்து போனைக் காதில் வைத்தபடி வெளிக்கதவைப் பார்த்துப் போனார்.

ஆடுகளைப் பந்தலுக்குள் ஓட்டிவிட்டார்கள். எழுந்திருக்க முடியாத ஒரு கிழட்டு வெள்ளாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போதகரம்மா. சற்குணம் கடைசியாக நிரப்பிய பாத்திரத்தைக் கொண்டுவந்து அதன் வாய்க்கு நேரே பிடித்தார்.

“என் வேலை போச்சும்மா.”

“போயிருக்கும்.”

“எனக்கு ஆத்திரமா வருது. அவர் மேல வருது. உங்க மேலயும் வருது.”

“வரட்டும்.”

“விடிஞ்சா எல்லாத்தையும் வெட்டத்தானே போறாங்க? பசிச்சா நானும் பந்தியில உக்காருவேன். நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு இவ்வளவு பேரைப் பகைச்சு, சாகப் போறதுக்கு ஒரு வாய் தண்ணி கொடுத்து என்ன ஆகப் போகுது?”

போதகரம்மா நிமிர்ந்தார். அவர் கண்ணில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

“‘தாகமாயிருக்கிறேன்’னு சிலுவையில ஒருத்தர் சொன்னப்போ, அவரும் சாகத்தான் தொங்கிட்டிருந்தாரு. நாம தண்ணிக்குப் பதிலா புளிச்ச காடியை நீட்டினோம். பாத்திரத்தை நல்லா சாய்ச்சுப் பிடிங்க உபதேசியாரே, இது இன்னும் குடிக்குது.”