வேலாத்தாள் எடுத்த வடை

உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில். தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை இனி இண்டெக்ஸ் ஃபண்டில் போடப் போவதாகவும், சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார் நிதிக் கம்பெனி அதிகாரி தினகர். லாபமோ நட்டமோ, வருடா வருடம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அவர்கள் கட்டணம்.

கேண்டீனில் பரிமாறும் வேலாத்தாளுக்குத் தலை சுற்றியது. அவள் பணமும் அதில்தான் கிடந்தது.

"எந்தக் கம்பெனிப் பங்கு நல்லதுன்னு நீங்க தேடிக் கண்டுபுடிப்பீங்களா சார்?"

"இல்லம்மா. பங்குச் சந்தையில பெரிய கம்பெனிகளோட பட்டியல் ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்து அப்படியே வாங்குவோம்."

"அப்ப ரெண்டு ரூபா எதுக்குங்க?"

"திறமைக்கு. உனக்கெல்லாம் புரியாது, போய் இலையைப் போடு."

போட்டாள். அதிகாரிக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்த மில் முதலாளியின் இலையைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி அவருக்கும் பரிமாறினாள். பிறகு அதிகாரியின் இலையிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டாள். பந்தியே திகைத்தது. இலையில் வைத்ததை யாராவது எடுப்பார்களா?

"ஏய், என்ன இது!"

"மொதலாளி இலையைப் பார்த்து அப்படியே வெச்சனுங்க. அந்தத் திறமைக்குங்க."

"பார்த்து வைக்கிறதுக்கு என்ன பெரிய திறமை? எவன் வேணாலும் வைப்பான்!"

முதலாளி சாப்பிடுவதை நிறுத்தினார். "நீங்களே சொல்லிட்டீங்க தினகர். கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."

வேலாத்தாள் குழப்பம் தீராமல் நின்றாள்.

"ஏனுங்க, இந்த வடையைத் திரும்ப வைக்கறதுங்களா, வேண்டாமுங்களா?"