கருப்பு ஒயரில் போட்ட சுவிட்ச்

"போட்டா எரியுது, அணைச்சா அணையுது. இதுக்கு மேல ஒரு லைட்டு என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார் பேச்சிமுத்து கொத்தனார்.

அவருக்கு ஒயரிங் சொல்லிக்கொடுக்கும் ஜெபசெல்வி பிளக்கை உருவினாள். பலகையில் அவர் மாட்டியிருந்த ஒயரையெல்லாம் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

இது ஐந்தாவது தடவை. மனுஷனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

ஐம்பத்தெட்டு வயசில், மகள் வயசுப் பெண்ணிடம் ஒயரிங் படிக்க வந்திருந்தார். ஒரே மகள் இசக்கிக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆனது. அவளுக்கு அஸ்திவாரத்திலிருந்து தளம் வரை தன் கையாலேயே வீடு கட்டிவிட்டார். கரண்டு வேலைக்கு மட்டும் அடுத்தவன் கை எதற்கு என்று ஒரு வீம்பு.

வெள்ளிக்கிழமை பால்காய்ப்பு. ஜெபசெல்வி சரி என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் ஒயரைத் தொடலாம் என்று பேச்சு. அவளோ சொல்கிற வழியாய் இல்லை.

சிவப்பு ஒயர் கரண்டைக் கொண்டுவரும், கருப்பு ஒயர் திரும்பக் கொண்டுபோகும், சுவிட்ச் சிவப்பில்தான் வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கொத்தனாருக்கு அது ஏறவில்லை. வாய்க்காலைத் தலைமடையில் அடைத்தால் என்ன, கடைமடையில் அடைத்தால் என்ன, ஓட்டம் நின்றால் சரிதானே என்பது அவர் கட்சி. கருப்பு ஒயர்தான் கைக்கு வாகாக இருந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆறாவது தடவையும் கருப்பிலேயே மாட்டினார். சுவிட்சைப் போட்டார், எரிந்தது. அணைத்தார், அணைந்தது. இப்போது என்ன சொல்லப்போகிறாய் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் பல்பைக் கழற்றினாள். சுவிட்ச் அணைந்தபடியே இருக்க, ஹோல்டருக்குள் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அணைச்ச பெறவும் இதுக்குள்ள கரண்டு நிக்குது அண்ணாச்சி. தொட்டா ஆளத் தூக்கிரும்."

"நின்னுட்டுப் போகுது. அதுக்குள்ள கைய விட எவனுக்குக் கிறுக்கு?"

ஜெபசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். துடைத்துக்கொண்டே, புது வீட்டில் பல்பு பீஸ் போனால் யார் மாற்றுவார்கள் என்று கேட்டாள்.

இது ஒரு கேள்வியா என்று சலித்துக்கொண்டார் கொத்தனார். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போகிறவர், வருஷத்தில் எட்டு மாசம் கடலில்தான். எல்லாம் இசக்கிதான் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"அவளுக்கு யாரு சொல்லணும்? சின்னதுலருந்தே சூதானமான புள்ள. சுவிட்ச அணைக்காம ஹோல்டர்ல கை வைக்கவே மாட்டா."

பெருமையாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், பல்பு இல்லாத ஹோல்டரைப் பார்த்தார். பிளக்கை உருவிவிட்டு, சுவிட்சைத் தானே கருப்பிலிருந்து கழற்றினார்.