ஒரே பக்கம் சாய்ந்த புள்ளிகள்

மலைமேல் இருந்த அந்த வானாய்வுக் கூடத்தில் குரு பூங்கோதைக்கு வயது நாற்பது. சீடர் ஞானமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. சர்வே வேலையில் ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வுபெற்ற மனுஷர், வானத்தையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்து சேர்ந்தார். ஆசை யாரை விட்டது!

வந்த அன்றே கேட்டார். "வானத்தில் சுற்றுகிற, தொட முடியாத ஒரு பெரிய கல்லின் எடையை எப்படியம்மா கண்டுபிடிப்பது?"

"சிறுகோள் என்கிற அந்தப் பெரிய கல்லை விடுங்கள், ஐயா. அதன் பக்கமாக ஒரு சின்னக் கல் போகப்போகிறது. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் அளந்துகொண்டே வாருங்கள்."

நான்கு வருஷம் அளந்தார். தொலைநோக்கியில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் அந்தச் சின்னக் கல் ஒரு கரும்புள்ளி. நட்சத்திரங்களிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று உருப்பெருக்கி வழியே பார்ப்பார். அது போகவேண்டிய பாதையைக் காகிதத்தில் ஒரு கோடாகப் போட்டிருந்தார்கள். அதன்மேல் தன் அளவை ஒரு புள்ளியாக வைப்பார். ஜன்னலுக்கு வெளியே மேகம் வந்து குந்திக்கொள்ளும். அறையே மிதக்கும். பகல்தானா, கனவா என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் கையில் நடுக்கம் கண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு புள்ளிகள் கோட்டை விட்டு நழுவ ஆரம்பித்தன. மயிரிழைதான், ஆனாலும் நழுவின.

ஒரு நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"கை கெட்டுப்போச்சு, அம்மா. இரண்டு வருஷ வேலை பாழ். கிழித்துப் போடுங்கள். நான் பதினோரு மணி பஸ்ஸுக்குப் போகிறேன்." சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டார்.

பூங்கோதை ஒரு வெள்ளைத் தாளில் கோடு இழுத்து, பென்சிலை நீட்டினாள். "இதன்மேல் முப்பது புள்ளி வையுங்கள்."

"நடுங்குமே!"

"நடுங்கட்டும்."

கை தந்தியடித்தது. அவமானமாக இருந்தது. கோழிக்குக் கம்பு இறைத்த மாதிரி கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி விழுந்தன.

அவள் அவருடைய நான்கு வருஷத் தாளை எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். அதிலும் நடுக்கம் இருந்தது. ஆனால் ஐப்பசிக்குப் பிறகு ஒரு புள்ளிகூடக் கோட்டுக்குக் கீழே இல்லை. எல்லாம் மேலே, போகப்போக இன்னும் மேலே.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. ஞானமுத்து இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ஐப்பசியில் என்ன நடந்தது, அம்மா?"

"உங்கள் சின்னக் கல் பெரியதன் பக்கத்தில் போயிற்று."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. அவர் பெட்டியைத் தொடவில்லை.

"அப்படியென்றால், அதன் எடை?"

"கை நடுங்கினால் இரண்டு பக்கமும் தப்பும், ஐயா. இது அந்தப் பெரியது தன் எடையால் ஒரே பக்கம் இழுத்திருக்கிறது. எவ்வளவு இழுத்தது என்று இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவரே நீங்கள்தான். என்னைக் கேட்டால்?"